நஃப்ஸ்: ஆன்மாவின் மூன்று நிலைகள்

நஃப்ஸ் என்பது மனிதனின் ‘தான்’ என்னும் ஆன்மாவைக் குறிக்கும் அரபுச் சொல். அதைத் தூய்மைப்படுத்துபவரே வெற்றி பெறுவார் என்பது குர்ஆனின் போதனை (91:9). இத்தூய்மைப்பாடு ‘தஸ்கியா’ எனப்படும். குர்ஆனில் நஃப்ஸின் மூன்று நிலைகள் சுட்டப்படுகின்றன.

1. அம்மாரா: தீமைக்குத் தூண்டுவது (12:53)
2. லவ்வாமா: தன்னையே பழித்துக்கொள்வது (75:2)
3. முத்மஇன்னா: இறைவனிடம் அமைதி கண்டது (89:27)

இவை மூன்று ஆன்மாக்கள் அல்ல; ஒரே ஆன்மாவின் நிலைகள். எடுத்துக்காட்டாக, கோபத்தில் ஒருவரை ஏசத் தூண்டுவது அம்மாரா. ஏசிய பின் உள்ளம் உறுத்துவது லவ்வாமா. ஏச இடமிருந்தும் இறைவனை எண்ணி நிதானம் இழக்காதிருப்பது முத்மஇன்னாவின் அடையாளம். ஆகவே உறுத்தல் தோல்வியன்று. அதுவே முன்னேற்றத்தின் முதற்படி.

சூஃபிகள் இப்பயணத்திற்குக் குருவின் வழிகாட்டலையும், ‘திக்ரு’ என்னும் இறைநினைவையும், ‘கல்வத்’ என்னும் தனிமைத் தவத்தையும் துணையாகக் கொண்டனர். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்றார்; பின்னர் திருப்பரங்குன்றம் மலையில் 40 நாள் கல்வத் இருந்தார். சித்தர் மரபுக்குரிய ‘மனோன்மணி’ போன்ற சொற்களால் அவர் பாடியதால், இந்த அகப்பயணம் தமிழர் பலருக்கும் பழகிய மொழியில் வந்து சேர்ந்தது.