18,000 ரூபா கட்டிய பிறகு

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டச் சுயேச்சைக் குழுவொன்றில் நானும் நின்றேன். நான் ஓய்வுபெற்ற தாதி. பதிவுபெற்ற கட்சிகளுக்குக் கட்டுப்பணம் இல்லை. சுயேச்சைக் குழு ஆளுக்கு 2,000 ரூபா கட்டவேண்டும். ஆறு ஆசனத்துக்கு ஒன்பது வேட்பாளர், ஆக 18,000. பகிர்ந்து கட்டினோம். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான்.

இத்தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம். நெடுந்தீவுக்குப் படகு, கண்டாவளைக்கு ஓட்டோ. எல்லாம் என் ஓய்வூதியத்தில். கண்டாவளையில் ஓர் அம்மா துண்டுப்பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டு, காலிலிருந்த செல் துண்டைக் காட்டி, "மிஸ், இதை இனி எடுக்கலாமோ?" என்றார். அரை மணித்தியாலம் அங்கேயே போனது. வாக்குக் கேட்க மறந்துவிட்டேன்.

அதே தேர்தலில் மருத்துவர் ஒருவரின் சுயேச்சைக் குழு 27,855 வாக்குகளுடன் ஓர் ஆசனம் பெற்றது. அவரை முகநூலில் சனம் முன்பே அறிந்திருந்தது. எங்களை அறிமுகப்படுத்தவே பெற்றோல் வேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டுச் சட்டம் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. எங்களுக்கு அது எட்டாத உயரம். ஆனாலும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் தோற்றவரும் கணக்குக் காட்டவேண்டும். பழைய மருந்துப் பெட்டியொன்றில் சேர்த்து வைத்த பற்றுச்சீட்டுகளைக் கூட்டிக் கொடுத்தேன்.