எடை குறையணுமா? காலையில் கம்பங்கஞ்சி!

இளைக்க வேண்டும் என்று காலைப் பலகாரத்தை விட்டுவிட்டு, பதினோரு மணிக்கு வடையைத் தேடுகிறீர்களா? அதைவிட வயிறு நிறையக் கஞ்சி குடிப்பது மேல்.

100 கிராம் கம்பில் 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடக் கிடையாது. நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்குவதால் சட்டென்று பசிக்காது.

செய்முறை (ஒருவருக்கு): ரவையாக உடைத்த கம்பு 40 கிராம், பாசிப்பருப்பு 15 கிராம் இரண்டையும் இரவே ஊற வையுங்கள். காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் ஐந்து விசில் வரை வேக விடுங்கள். ஆறியதும் 100 மில்லி தயிரை மோராக்கி ஊற்றி, கொஞ்சம் உப்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை சேருங்கள். மொத்தம் சுமார் 250 கலோரி, 10 கிராம் புரதம். வடிகட்டிவிடாதீர்கள், நார்ச்சத்து போய்விடும்!

பெரியதாழை, மணப்பாடு பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். 'கருப்பட்டிதானே, உடம்புக்கு நல்லது' என்று கஞ்சியில் தாராளமாகத் தட்டிப் போட்டால், 25 கிராமுக்கே ஏறக்குறைய 90 கலோரி ஏறிவிடும். மணம் வேறு, கலோரியில் அதுவும் சர்க்கரைக்கு அண்ணன் தம்பிதான்.

தொட்டுக்கொள்ளக் கருவாடா? ருசிதான், ஆனால் உப்பு அதிகம். பிரஷர் உள்ளவர்கள் வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.