ஒரு பெயரும் இரு மின்னஞ்சல் வழங்குநரும்

கல்லூரி அலுவலகம் ஒரு வழங்குநரிடமும், பழைய மாணவர் சங்கம் செலவு குறைந்த வேறொரு வழங்குநரிடமும் மின்னஞ்சற் பெட்டிகள் வைத்துக்கொண்டு, இரண்டிற்கும் கல்லூரியின் ஒரே ஆள்களப் பெயரை வழங்குதல் இயலுமா? இயலும். ஆயின் முறையறியாது செய்வோமாயின் கடிதங்கள் வழிதவறும்.

மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னிற்பது பெட்டியின் பெயர். பின்னிற்பது ஆள்களப் பெயர். அனுப்பும் சேவையகம் பின்னதை மட்டுமே நோக்கி, அதற்குரிய எம்.எக்ஸ். பதிவைத் தேடுகின்றது. 1986ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இப்பதிவு முறை, கடிதங்களை ஏற்கும் சேவையகங்களை முன்னுரிமை எண்களுடன் கூறும். சிறிய எண்ணுடையதே முதலில் நாடப்படும். மற்றையது, முதலாவது மறுமொழி தராதவிடத்து உதவுவதற்கே உள்ளது.

இரு வழங்குநரையும் இப்பதிவில் இட்டால், கடிதங்கள் ஆளுக்கேற்பத் தாமே பிரிந்து செல்லுமென எண்ணுவாருளர். அஃது உண்மையன்று. முதலாஞ் சேவையகம் தன்னிடமில்லாத பெட்டிக்கு வந்த கடிதத்தை 550 என்னும் எண்கூறி மறுத்துவிடும். அவ்வாறு முடிவாக மறுக்கப்பட்டபின் அனுப்பியவர் சேவையகம் இரண்டாவதை நாடுவதில்லை. மாணவனொருவனின் சான்றிதழ் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வினவிய கடிதம் இவ்வாறு திரும்புமாயின், நட்டம் அம்மாணவனுக்கே.

இதற்கு வழிகள் இரண்டுள. ஒன்று, ஒரு வழங்குநரையே வாயிலாக வைத்து, அவரிடமில்லாத பெட்டிகளுக்குரிய கடிதங்களை மற்றவரிடம் சேர்ப்பிக்குமாறு ஒழுங்கு செய்தல். கூகிள், மைக்ரோசொப்ட் ஆகியவற்றின் நிறுவனச் சேவைகளில் இவ்வசதி உண்டு. மற்றையது, சங்கத்துக்கு ஓர் உப ஆள்களத்தை வகுத்து, அதற்கெனத் தனி எம்.எக்ஸ். பதிவு இடுதல். முகவரி சற்று நீளுமெனினும், சிறிய சங்கங்களுக்கு இதுவே எளிது.

கடிதம் அனுப்புதலிலும் கவனம் வேண்டும். ஆள்களப் பெயரொன்றில் யார் யார் அனுப்பலாமெனக் கூறும் எஸ்.பி.எப். பதிவு ஒன்றே இருத்தல் வேண்டும். ஒரே பெயரில் இரு வழங்குநர் வழியாக அனுப்பின், இருவரையும் அவ்வொன்றிலேயே சேர்த்தெழுதுக. இரு பதிவுகள் இட்டாற் சோதனை பிழையென முடியும். கடிதம் மெய்யானதெனக் காட்டும் டி.கே.ஐ.எம். ஒப்பத்தையோ வழங்குநர் தோறும் தனித்தனியே இடலாம். 2024 பெப்ருவரி முதல் கூகிளும் யாகூவும் தம் பெட்டிகளுக்கு அனுப்புவோர் அனைவரிடமும் இவ்விரண்டில் ஒன்றையேனும் வேண்டுகின்றன.

எல்லாம் செய்து முடித்தபின், இரு வழங்குநரிடமுமுள்ள பெட்டிகளுக்கு வெளியாரின் முகவரியிலிருந்து ஒவ்வொரு கடிதம் அனுப்பிப் பார்த்தல் நன்று. இரண்டும் வந்து சேர்ந்த பின்னரே புதிய முகவரியைப் பலருக்கும் அறிவிப்போமாக.