பொதுவாசகர்க்குரிய மின்னூல்கள்

‘நூல்’ என்னும் சொல் நம் மொழியிற் பலபொருள் குறிப்பது. பஞ்சினின்று திரிக்கப்படும் இழையும் நூல். மரத்தின் கோணலைக் காட்டும் தச்சனது கயிறும் நூல். புலவர் இயற்றும் ஏடும் நூல். இம்மூன்றனையும் ஒப்பிட்டு நூலின் இயல்பை விளக்கினார் நன்னூலார். இவற்றுள் ஏடு என்பது காலந்தோறும் வடிவம் மாறிவந்துளது. பனையோலையினின்று காகிதத்திற்கும், காகிதத்தினின்று மின்திரைக்கும் அது வந்து சேர்ந்தது. எனினும், மனத்தின் கோணலைக் காட்டுதலாகிய அதன் தொழில் மாறவில்லை. கதையல்லாதனவாய், துறைப்புலமை பெறாதாரும் படித்துப் பயனெய்தத் தக்கனவாய் உள்ள மின்னூல்கள் சிலவற்றை எடுத்துக்காட்டி, அவற்றைத் தேர்ந்துகொள்ளும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

தோற்றமும் வகையும்

மின்னூலின் வரலாறு 1971-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் தேதி தொடங்கிற்று என்பர். அமெரிக்க நாட்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த மைக்கேல் ஹார்ட் என்பார், அங்கிருந்த பெருங்கணிப்பொறியைப் பயன்படுத்தும் உரிமை பெற்றார். அப்பேற்றினைப் பலர்க்கும் பயன்படச் செலவிடக் கருதி, அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைத் தம் கையாலேயே தட்டெழுதி அதனுள் ஏற்றினார். அவர் முதன்முதல் ஏற்றியது கதையுமன்று, காவியமுமன்று. உரைநடைச் சாசனம் ஒன்றே என்பது நோக்கத்தக்கது. அன்று விதைத்த விதையே ‘குட்டன்பர்க் திட்டம்’ எனப் பெயர்பெற்று, 70,000-க்கு மேற்பட்ட நூல்களை விலையின்றி வழங்கும் பெருமரமாய் வளர்ந்துளது. தமிழுக்கு இவ்வகைத் தொண்டு 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் ‘மதுரைத் திட்டம்’ என்னும் பெயரால் தொடங்கிற்று. பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது அதற்கு உழைத்துவருகின்றனர்.

மின்னூலை இருவகையாகப் பகுக்கலாம். அச்சுப் பக்கத்தை உள்ளவாறே படம்பிடித்து வைப்பது ஒருவகை. எழுத்தெழுத்தாய் ஏற்றி வைப்பது மற்றொருவகை. முன்னதில் படங்களும் அட்டவணைகளும் சிதையாமல் நிற்கும். ஆயின், கைப்பேசியின் சிறுதிரையிற் படித்தல் கண்ணுக்கு வருத்தந்தரும். பின்னதில் எழுத்தைப் பெரிதாக்கலாம். வேண்டிய சொல்லை ஒருநொடியில் தேடிக் காணலாம். கண்பார்வை இல்லாதார்க்குப் பொறியே உரக்கப் படித்துக்காட்டவும் செய்யும். எனினும், எழுத்துக்களைப் பொறியே உணர்ந்து ஏற்றுமிடத்துப் பிழை மலிதல் இயல்பு. தமிழிற் கால் என்னும் குறியும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றி மயக்குதலை நாம் அறிவோம். இம்மயக்கங்களைக் களைய மனிதரது கண்ணே வேண்டும். ஆதலின் 2000-ஆம் ஆண்டு முதல், தொண்டர் பலர் பக்கம் பக்கமாய்ப் பகிர்ந்துகொண்டு, மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தும் முறையொன்று ஆங்கிலத்தில் நடைபெற்று வருகின்றது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்ட நம் முன்னோர் பணிக்கு இஃது இனமானதே.

விலையில்லா நூல்கள் பழையன ஆவதேன்?

விலையின்றிக் கிடைப்பனவற்றுட் பெரும்பாலன பழைய நூல்களாயிருத்தலைக் காண்கின்றோம். அதற்குக் காரணம் பதிப்புரிமைச் சட்டமே. இந்தியாவில், ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு கழிந்தாலன்றி அவரது நூல் பொதுவுடைமை ஆவதில்லை. அமெரிக்காவிலோ, முன்னாளில் அச்சான நூல்களுக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை உரிமை நிற்றல் கூடும். ஆகவே, விலையில்லா நூல்நிலையத்துட் புகுவோன் பெரும்பாலும் நம் பாட்டன் காலத்திற்கும் முற்பட்ட அறிவினையே எதிர்ப்படுகின்றான்.

கதைக்கும் கவிக்கும் இதனாற் குறையொன்றுமில்லை. உண்மைப்பொருள் கூறும் நூல்களுக்கோ, பழமை ஒரு தடையன்றோ என ஐயம் நிகழும். செய்திகளை மட்டும் திரட்டித் தரும் நூல் காலத்தாற் பழுதுறும் என்பது மெய்யே. ஆயின், காணும் முறையையும் வினாவும் முறையையும் கற்பிக்கும் நூல் அங்ஙனம் பழுதுறுவதில்லை. இதனையே தேர்வுக்குரிய அளவுகோலாகக் கொண்டு, வெவ்வேறு துறையைச் சார்ந்த ஐந்து நூல்களை இங்கே குறிக்கின்றோம்.

ஐந்து நூல்கள்

முதலாவது, மைக்கேல் பாரடே இயற்றிய ‘மெழுகுவத்தியின் இரசாயன வரலாறு’. இவர் கொல்லர் ஒருவரின் மகனார். புத்தகம் கட்டும் கடையிலே தொழில்பயின்று, கட்டுதற்கு வந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானத்தில் வேட்கை கொண்டவர். 1860-ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கி, இலண்டன் நகரத்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்க்காக இவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளே 1861-ல் இந்நூலாயின. எரியும் மெழுகுவத்தியின் உச்சியில் கிண்ணம்போல் ஒரு குழி அமைவதேன்? சூடேறிய காற்று மேலெழ, கீழிருந்து குளிர்காற்றுப் பக்கங்களில் ஏறி விளிம்பைக் குளிர்விக்கின்றது. ஆதலின் நடுவில் உள்ளது உருகியும் விளிம்பு உருகாது நிற்கின்றது. உருகிய மெழுகு திரியிலுள்ள நுண்புழைகளின் வழியே ஏறி, ஆவியாகி எரிகின்றது. வத்தியை அணைத்தவுடன் எழும் ஆவியில் தீயைக் காட்டின், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றுதலைக் காணலாம். எரிதலால் நீரும் கரியமிலவாயுவும் உண்டாதலை மெய்ப்பித்து, நம் உடலின் உயிர்ப்பும் அவ்வெரிதலை ஒத்ததே என ஆசிரியர் முடிக்கின்றார். காலணாப் பெறுமான பொருளிலிருந்து இத்துணை உண்மைகளை வருவிக்கும் திறம் எக்காலத்தும் பழையதாகாது.

இரண்டாவது, ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869-ல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’. 1854 முதல் 1862 வரை அத்தீவுகளில் உயிரினங்களைத் திரட்டி அலைந்தவர் இவர். பாலி, லொம்பொக் என்னும் தீவுகளுக்கிடையே குறுகிய நீரிணை ஒன்றே உளது. எனினும் மேற்கே ஆசியாவுக்குரிய பறவைகளும், கிழக்கே ஆஸ்திரேலியாவைச் சார்ந்த காக்கட்டூ முதலியனவும் வாழ்தலை இவர் கண்டு காரணம் ஆராய்ந்தார். பிரயாண நூலாகவும் விஞ்ஞான நூலாகவும் ஒருங்கே நிற்பது இது.

மூன்றாவது, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் எழுதிய ‘நோயாளரைப் பேணுதல் பற்றிய குறிப்புகள்’. செவிலியர்க்கு மட்டுமன்றி, வீட்டில் நோயாளரைப் பேணும் பெண்டிர் யாவர்க்குமாக இதனை இயற்றினார். அறைக்குள் உள்ள காற்று வெளிக்காற்றைப்போல் தூய்மையாயிருத்தல் வேண்டும் என்பதும், நோயாளரின் செவிக்கு எட்டியும் எட்டாமலும் கிசுகிசுத்தல் கொடுமை என்பதும் இன்றும் கொள்ளத்தக்கன. ஆயின், ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு நோய் தொற்றும் என்னும் கொள்கையை அம்மையார் அந்நூலில் ஏற்கவில்லை. நுண்ணுயிர்களே பல நோய்களைப் பரப்புகின்றன என்பது பாஸ்டர், காக் முதலியோர் ஆராய்ச்சியாற் பின்னர் நிலைபெற்றது. ஆதலின், இத்தகைய நூலைப் படிப்போர் முதற்கண் அது வெளிவந்த ஆண்டினை நோக்குதல் வேண்டும். அதன்பின்னரே உள்ளே புகுதல் வேண்டும். மின்பதிப்புக்கள் சிலவற்றில் ஆண்டு குறிக்கப்படாமையின், இவ்வெச்சரிக்கை பெரிதும் இன்றியமையாதது.

நான்காவது, அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட தம் வரலாறு. பால்டிமோர் நகரில் தலைவி அவர்க்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள். கல்வி அடிமையைக் கெடுத்துவிடும் எனக் கூறி அவள் கணவன் தடுத்தான். அத்தடையிலிருந்தே விடுதலைக்குரிய வழி எதுவென்பதைச் சிறுவர் உணர்ந்துகொண்டார். வீதியில் ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டியைக் கொடுத்து, அதற்கு மாறாக அவர்களிடம் பாடம் கேட்டார். 1838-ல் தப்பிச்சென்று, பின்னர் அடிமைமுறையை எதிர்த்துப் பேசுவாருள் தலைசிறந்தார். கல்வியின் அருமையை இதனினும் தெளிவாய்க் காட்டும் நூல்கள் சிலவே.

ஐந்தாவது, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-ல் ஐயரவர்கள் மறையவே முற்றுப்பெறாது நின்றது, 1950-ல் நூலாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட முறையும், சேலம் இராமசாமி முதலியார் எழுப்பிய வினாவினால் சீவகசிந்தாமணியிற் புகுந்து, 1887-ல் அதனைப் பதிப்பித்த வரலாறும் அதனுள் விரிகின்றன. தெரியாத பொருளை நாடிக் கும்பகோணத்துச் சைனரிடம் சென்று கேட்டறிந்த பகுதி, ஆராய்ச்சியாளர்க்கு ஒரு பாடமாகும்.

நாம் செய்யத்தக்கது

இவ்வைந்தனுள் தமிழில் எழுந்தது ஒன்றே. எஞ்சிய நான்கும் ஆங்கிலமறிந்தார்க்கே எளிதிற் பயன்படுவன. தமிழ் ஒன்றே கற்ற உழவனுக்கும் கைத்தொழிலாளிக்கும் இந்நூல்நிலையத்தின் கதவு இன்னும் பாதியே திறந்துளது. உரிமை நீங்கிய மூலத்தை எவரும் எவரிடமும் இசைவு பெறாமலே மொழிபெயர்க்கலாம். அதனை மின்னூலாய் வெளியிடப் பெருஞ்செலவும் இல்லை. வகுப்பு மாணவர் பத்துப்பேர் கூடி ஆளுக்கொரு பகுதியை ஏற்பின், மெழுகுவத்தியின் வரலாறு ஓராண்டிற்குள் எளிய தமிழில் அமைதல் கூடும். மொழிபெயர்க்க இயலாதார் பிழைதிருத்தும் பணியில் ஈடுபடலாம்.

மற்றொன்றும் கூறுதற்குரியது. ஆயிரம் நூல்களைக் கைப்பேசியில் நிரப்பிவைத்து ஒன்றையும் முற்றப் படியாதவன், பூட்டிய களஞ்சியத்தின் வாயிலில் பசித்து நிற்பானை ஒப்பான். ஒரு நூலை எடுத்து, அதன் ஆண்டினை நோக்கி, முதல் முதல் ஈறுவரை பயின்று, பிறனொருவனுக்கு விளக்கியுரைத்த பின்னரே மற்றொன்றைத் தொடுதல் நலம். டக்ளஸ் ரொட்டியை விலையாகத் தந்தார். பாரடே புத்தகம் கட்டும் உழைப்பினூடே கற்றார். நம்மிடம் அந்நூல்கள் கேட்பன மாலையில் ஒருமணி நேரமும் சிதறாத மனமுமே. அவ்விலையைத் தர நாம் தயங்குதல் தகாது.