வேலை தேடுவோரின் மனத்தளர்ச்சி

வேலையின்றி இருப்பவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுதல் எளிது. நமது சங்கங்களில் கடன் மனுக்களை விசாரிக்குங்காலும் இவ்வார்த்தை அடிக்கடி காதில் விழுகின்றது. சோம்பலினால் வேலை கிட்டவில்லையா, வேலை கிட்டாமையால் சோம்பல் வந்ததா என்பதை அங்கத்தினர்கள் நிதானித்து ஆலோசித்தல் வேண்டும்.

ஆஸ்திரியா தேசத்தில், வியன்னா நகருக்குச் சமீபத்தில் மரியந்தால் என்றொரு கிராமம் உண்டு. அவ்வூரார் ஒரே நெசவாலையை நம்பிப் பிழைத்தவர்கள். 1929-30-இல் ஆலை மூடப்பட்டது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் முதலியோர் 1931-32-இல் அங்கு விசாரணை நடத்தி, 1933-இல் அதை நூலாக வெளியிட்டனர். அவ்வூரின் 478 குடும்பங்களில் 367-இல் ஒருவருக்கேனும் வேலையில்லை.

ஓய்வு மிகுந்தால் படிப்பும் பெருகும் என்று எவரும் எண்ணுவர். நடந்ததோ நேர்விரோதம். வாசகசாலையில் கட்டணத்தை எடுத்துவிட்ட பின்னரும், புத்தகம் வாங்கிச் செல்வது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் வீதியில் மெல்ல நடந்தனர், இடையிடையே நின்றனர். கடிகாரம் வைத்துக்கொள்வதையும் பலர் விட்டுவிட்டனர். பெண்கள் மாத்திரம் விரைந்தே நடந்தார்கள். அடுப்பும் குழந்தைகளும் அவர்களுக்கு ஓய்வு தரவில்லை. (வீட்டு வேலையை வேலையென்றே கணக்கில் சேர்க்காத நம்மவர் இதனைக் கவனிப்பாராக.)

பெரும்பாலான குடும்பங்கள் வீட்டையும் மக்களையும் ஒழுங்காகப் பேணின. ஆயினும் வருங்காலத்தைப் பற்றிய யோசனையை அடியோடு கைவிட்டன. வேலை தேடும் பிரயத்தனத்தை விடாதவர் சிலரே. அவர்தம் வீடுகளில் வளர்ந்த ஆள் ஒருவருக்கு மாதவருமானம் சராசரி 34 ஷில்லிங். முற்றும் மனமொடிந்து செயலற்றுப் போனவர் வீடுகளில் 19. கையிருப்புக் குறையக் குறைய ஊக்கமும் குறைந்ததென்பது தெளிவு. வேலை தேடுவதற்கும் வண்டிச்சத்தம் வேண்டும், வெளுத்த சட்டை வேண்டும். பத்து இடத்தில் "இல்லை" என்று கேட்டபின் பதினோராவது வாசலில் ஏறும் தைரியமும் வேண்டும். இவற்றுள் கடைசியானதே முதலில் தீர்ந்துபோகிறது என்பது என் அபிப்பிராயம்.

மரியந்தாலை உள்ளடக்கிய ஊராட்சியிலேயே 2020-இல் வேறொரு பரீட்சை தொடங்கிற்று. நெடுநாள் வேலையற்றிருந்த அனைவர்க்கும் கூலியுடன் வேலை அளிப்பதாகச் சொல்லப்பட்டது, கட்டாயம் ஏதுமில்லை. சேர்ந்தவர்களுக்கு வருமானத்தோடு மனநலமும் ஊராரோடு கூடிவாழும் உணர்ச்சியும் உயர்ந்தன.

ஆகவே, வேலை இழந்த அங்கத்தினர் மனுவோடு வருமட்டும் சங்கத்தார் காத்திருத்தல் தகாது. முதல் மாதத்திலேயே காரியதரிசி அவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கலாம். எங்கெங்கே கேட்டுப் பார்க்கலாம் என்னும் யோசனை அப்பொழுது அவர் மனத்தில் இன்னும் இருக்கும்.