அல்லிராணிக் கோட்டை

உரோமப் பேரரசின் செல்வர்கள் கடலோரத்தே மாளிகை எழுப்பி இன்புற்று வாழ்ந்தனர். கி.பி. 79 இல் விசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலுள் புதைந்த அத்தகைய மாளிகைகள் சில, இத்தாலியக் கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அத்துணைத் தொலைவு செல்ல இயலாத நம் மாணவர்க்கு, அக்கட்டடக் கலையின் சாயலைக் காட்டும் இடிபாடு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மன்னார் மாவட்டத்து அரிப்பிலுள்ள அதனை, எல்லவிலிருந்து மாணவர் சிலருடன் சென்று கண்டோம். அங்குக் கண்டதையும் அதன்பொருட்டுக் கற்றதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

உரோம மாளிகைகளுக்கும் இக்கடலுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. மேற்சொன்ன எரிமலைச் சீற்றத்தில் உயிர்நீத்த பிளினி என்னும் அறிஞர், முத்து மிகுதியாய்க் கிடைக்கும் இடங்களுள் தப்ரபேன் எனப்பட்ட இலங்கையைக் குறித்துள்ளார். இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் உரோமிலிருந்து போய்விடுகின்றதென்று வருந்தியவரும் அவரே. அப்பொருள் போன வழிகளுள் முத்தும் ஒன்று.

அந்த முத்தே அரிப்பு மாளிகைக்கும் காரணமாயிற்று. 1796 இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றினர். 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடரிக் நோர்த், முத்துச் சலாபத்தை அருகிருந்து மேற்பார்வை செய்தற்பொருட்டு 1801 க்கும் 1804 க்கும் இடையில் இம்மாளிகையைக் கட்டுவித்தார். அவர் கிரேக்க நாட்டின்மீது பெருங்காதல் கொண்டவர். ஆதலின், கிரேக்கர் கண்ட தூண்வகை மூன்றனுள் மிகப் பழையதும் எளியதுமாகிய டோரிக் வகையையே இங்குக் கைக்கொண்டார். கட்டடமும் 'டோரிக்' என்றே பெயர் பெற்றது. அதனை நேரிற் கண்ட கோர்டினர் என்னும் பாதிரியார், 1807 இல் வெளிவந்த தம் நூலில், இத்தீவின் மிக அழகிய கட்டடம் இதுவே என்று புகழ்ந்துள்ளார்.

கிரேக்கர் சலவைக்கல்லாற் சமைத்த தூண்களை இங்குச் செங்கல்லால் எழுப்பிச் சாந்து பூசியுள்ளனர். இன்று சாந்து உதிர்ந்து செங்கல் வெளித்தெரிகின்றது. சில தூண்களும் சுவர்களுமே எஞ்சியுள்ளன. கடல் கரையை அரித்து உட்புகுந்தமையால் கட்டடத்தின் ஒரு பகுதி முன்னரே சரிந்துவிட்டது.

அவ்வூர் மக்கள் இதனை வழங்கும் பெயரோ அல்லிராணிக் கோட்டை என்பது. அருச்சுனனை மணந்த அல்லி தெற்கேயுள்ள குதிரைமலையிலிருந்து ஆண்டாள் என்பதும், முத்துக் கடலெல்லாம் அவள் ஆணைக்குட்பட்டிருந்தது என்பதும் அப்பகுதி வழக்கு. தமிழகத்தில் அல்லி அரசாணி மாலை அவளை மதுரையில் வைத்துப் பாடும். இருநூறு ஆண்டுப் பழமையுடைய ஆங்கிலேயர் மனைக்கு அல்லியின் பெயர் அமைந்தது எங்ஙனம் என்று மாணவர் வினவினர். முத்து விளையும் கடலுக்குத் தம்மவள் ஒருத்தியே உரியவள் என மக்கள் கருதினர் போலும் என்றோம். எல்லவில் குகைக்கும் அருவிக்கும் இராவணன் பெயர் வழங்குதலை அறிந்த நம் மாணவர்க்கு இது வியப்பன்று. கட்டியவர் பெயரையும் ஆண்டையும் ஏட்டிலிருந்து கற்பித்தல் வேண்டும். மக்கள் இட்ட பெயரையும் அதனோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ஒன்று வரலாறு, மற்றது வழக்கு என்னும் வேறுபாட்டை மாணவர் உணர்ந்தாற் போதும்.

ஆயினும், ஏடும் வழக்கும் ஒருங்கே மறந்த மாந்தர் இருவகையினர். காலிற் கல் பிணித்துக் கடலடிக்கு இறங்கிச் சிப்பி அள்ளிய குளியாளரும், மேலே படகிலிருந்து அவர்தம் கயிற்றைப் பிடித்தவரும் முதல் வகையினர். இம்மாளிகைக்கு வேண்டிய பொருள் அவர்தம் மூச்சினாலே வந்தது.

இரண்டாம் வகையினர் நம் முன்னோர். 1830 களிற் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய பின்னர், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, அனுராதபுரம், தம்புள்ளை வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர் பலர். நாமோ கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகப் பேருந்தில் அமர்ந்து சென்று, முருங்கனில் தெற்கே திரும்பி அரிப்பை அடைந்தோம். அவர்கள் மேலேறிய வழியிற் பெரும்பகுதியையே நாம் கீழிறங்கிக் கடந்தோம். அவ்வழியில் அவர்க்கென ஒரு தூணையும் நாம் கண்டிலோம்.

தேசாதிபதி சில திங்கள் தங்குதற்கு எழுப்பிய மனைக்கு இடிபாடேனும் உண்டு. நடந்து மாண்டவர்க்கு அதுவும் இல்லை. இடிபாடு இல்லாதவிடத்துச் சொல்லே சான்றாகும். ஊவாத் தோட்டங்களில், தம் பாட்டன் பாட்டிமார் வந்த வழியைக் கேட்டறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். பழைய மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, ஊர்ப்பெயர், இறங்கிய துறை, வழியில் இழந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராக. அரிப்புக்குச் செல்வோர் தளர்ந்த சுவர்கள்மீது ஏறாது கண்டு மீள்வாராக. கடல் அத்தூண்களைக் கொண்டுபோகுமுன் நம் மாணவர் ஒருமுறையேனும் அவற்றைக் காணல் நன்று. அதனினும் விரைந்து செய்யத்தக்கது முதியோர் சொல்லை ஏட்டில் ஏற்றுதல்.