வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் நோக்கி முன்னோர் இட்ட பெயர்கள் இவை. இரு கரைகளையும் சுற்றிவந்து காண்பவர்க்கோ, செல்வத்தின் எழுச்சியையும் தாழ்ச்சியையும் கண்டே இப்பெயர்கள் இடப்பட்டனவோ என்ற ஐயம் தோன்றும்.

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எனப் பெருந்தெரு வழியே செல்லும் பயணி காண்பன மாடிவீடுகளும் வங்கிகளும் நகைக்கடைகளும் ஆகும். 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. இடையிடையே தகரக் கூரைகள். யானைக்கு அஞ்சி இராக்காவல் இருப்போரின் பரண்கள். நெல் விளைவது இங்கே. ஆயினும், வயலுக்குரியோருட் பலர் எழுவான்கரையில் வாழ்வோராதலால், விளைவின் பயனும் வாவியைக் கடந்து சென்றுவிடுகின்றது. இந்நாட்டு வறியவன் நெல்லைக் காணாதவன் அல்லன். தான் விளைத்த நெல் தனதாகக் காணாதவன்.

முன்னாளில் இவ்வயல்களின் உடையவர் போடியார் எனப்பட்டார். அவர்க்காகப் பயிர்செய்தவர் முல்லைக்காரர். நிலமும் விதைநெல்லும் போடியார் தருவார்; உழைப்பை முல்லைக்காரர் தருவார். அறுவடைவரை உண்பதற்கு வாங்கிய நெல் களத்திலேயே கழிக்கப்படும். அடிமைத்தனம் கலந்த உறவே அது. எனினும் பஞ்சகாலத்திற் சென்று நிற்பதற்கு ஒரு வாசலேனும் இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவர்க்கு நிலையான உரிமை வழங்க முற்பட்டது. நோக்கம் நன்று. ஆனால் நாட்டின் பல பகுதிகளில் நிலவுடைமையாளர் குத்தகையாளரை நீக்கிக் கூலியாட்களை அமர்த்தவும் அது ஏதுவாயிற்று. பின்னர் வந்த உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அக்கூலியையும் குறைத்தன. அரிவாள் பிடித்த பெண்களின் கைகள் வெறுங்கைகளாயின.

இனி வீட்டைப் பார்ப்போம். இப்பகுதியிற் குடி என்பது தாய்வழி மரபு. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இவ்வழக்கை அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். மணமாகும் மகளுக்குப் பெற்றோர் வீடு கொடுத்தல் வேண்டும். மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்கு வழிதேடவேண்டும். பெண்ணுக்கு நிழலும் மதிப்பும் தருகின்ற நல்வழக்கு இது. காணியுள்ளவர் காணியைக்கொண்டு இதனை நிறைவேற்றினர். இல்லாதார் வீட்டுத் தாய்மாரோ வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றனர். பிறர் பிள்ளையைத் தாலாட்டித் தம் பிள்ளைக்குச் சுவர் எழுப்பினர். வேறு சிலர் கிழமைதோறும் தவணை கேட்கும் நுண்கடனை நாடினர். அக்கடனின் சுமை பெருகியமையால் 2018ஆம் ஆண்டில் அரசே நிவாரணத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது.

ஆதலின் கல்வீட்டைக் கண்டு செல்வத்தைக் கணக்கிடும் பயணி ஏமாறுவான். சுவர் தெருவுக்குத் தெரியும். கடன் அட்டை பெட்டிக்குள் இருக்கும். போடியாரின் வீடும் பணிப்பெண்ணின் வீடும் ஒரே ஓட்டின்கீழ் நிற்கலாம். முன்னதை நிறுத்தியது பிறர் உழைப்பு. பின்னதை நிறுத்தியது ஒரு தாயின் பிரிவு.

வள்ளுவர் குடிசெயல்வகையை அடுத்து உழவை வைத்தார். உழவை அடுத்து நல்குரவை வைத்தார். குடி, உழவு, வறுமை என்னும் அவ்வரிசையை எங்கள் வாவிக்கரையில் நடந்தே கற்கலாம். பொருள் இல்லையென்று சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகுவாள் என்பது உழவு அதிகாரத்தின் முடிவு. சோம்பாது உழுதும் இல்லையென்று நிற்பாரைக் கண்டால் அவள் என் செய்வாள்? அக்குறளை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வினாவையும் மாணவர்முன் வைத்தல் தகும். விடை சொல்லக்கூடிய பிள்ளைகள் படுவான்கரைப் பள்ளிகளில் இருக்கின்றனர்.